ராபின் ஹூட் பப்புக்கு வயசு என்ன? தேடி நொந்த கதை

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் ராபின் ஹூட் பெயரில் இருக்கும் ஒரு பழைய பப்பின் வரலாற்றைத் தேடப்போய் அலைச்சல்தான் மிச்சம் என்று இருந்தேன். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆதாரம் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டுகூட யாரிடமும் இல்லை.

பழைய வரைபடமும் சென்சஸும் வீட்டிலிருந்தே பார்த்தாகிவிட்டது. சிக்கல் உரிமப் பதிவேட்டில். 1753 முதல் 1828 வரை மதுக்கடை உரிமங்களுக்குப் பதிவேடு வைக்கச் சொல்லிச் சட்டம் இருந்தது. உள்ளூர் ஆவணக் காப்பகத்துக்கு மெயில் போட்டேன், "இருக்கிறது, வாருங்கள்" என்றார்கள். லீவு போட்டுப் போய் நின்றால், கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல், "அந்தப் பெட்டி வெளிக் கிடங்கில் இருக்கிறது, முன்பே கேட்டிருக்கணும்" என்கிறார். மெயிலைக் காட்டினேன். அது வேறு ஆள் அனுப்பியதாம்! ஆகவே, பெட்டி எண்ணோடு, இந்தத் தேதிக்கு எடுத்து வைத்திருக்கிறோம் என்று எழுத்தில் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

அடுத்த முறை பெட்டி வந்தது, பப் வரவில்லை. பதிவேட்டில் இருப்பது ஆள் பெயர்தான், கடைப் பெயர் பல இடங்களில் இல்லவே இல்லை. அந்தத் தெருக்காரர் ஒருவர்கூட அதில் இல்லை. காரணம் அப்புறம்தான் புரிந்தது. 1830 பீர்ச் சட்டப்படி, வரி கட்டும் எவரும் கலால் துறைக்கு 2 கினி (அக்காலப் பணம்) செலுத்தி வீட்டிலேயே பீர் விற்கலாம், முன்புபோல உரிமத்துக்கு நீதிபதியிடம் போக வேண்டியதே இல்லை. இது அப்படி முளைத்த கடையாகத்தான் இருக்க வேண்டும். அக்கால வணிக டைரக்டரிகளிலும் இத்தகைய கடைகளுக்குப் பெயர் கிடையாது, 'பீர் ரீட்டெய்லர்' என்று போட்டு ஆள் பெயர் மட்டும். பப்பைத் தேடாதீர்கள், நடத்தியவரைத் தேடுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஆவணங்களைப் பார்க்க வாங்கும் ரீடர் டிக்கெட்டுக்குப் பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு சான்று வேண்டும், உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். வரிக்காக அரசு எடுத்த 1910 நில மதிப்பீட்டில் முதலில் வரைபடத்தைப் பிடித்து மனை எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் ஒவ்வொரு மனையின் விவரமும் எழுதிய களப் புத்தகம். பிரித்தால், கிறுக்கல் கையெழுத்தில் ராபின் ஹூட்! டேப் ரூம் (பீர் குடிக்கும் பொது அறை), நிலவறை, குதிரை லாயம், உரிமையாளர் ஒரு பீர் கம்பெனி என்று எல்லாம் வரிசையாக. சத்தம் போட முடியாத இடமாகப் போய்விட்டது.

பெயர் ஏன் வந்தது என்பது இன்னும் பாக்கி. 1834-இல் உருவான ஃபாரஸ்டர்ஸ் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தின் கிளைகள் பப்களில்தான் கூடும், ராபின் ஹூட் கதை அவர்களுக்குப் பிடித்தமானது. அந்தச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன், இந்த முறை பெட்டி எண்ணோடு.