வாய்ஸ் மெசேஜை அழித்துவிட்டான், ஆனால் அக்கா செல்லில் இருந்தது

கேஸுக்கு வேண்டிய வாட்ஸ்அப் மெசேஜ் அழிந்துபோனால், தயவுசெய்து போனை எடுத்துக்கொண்டு செல் கடைக்கு ஓடாதீர்கள். நாங்கள் ஓடினோம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊரில் இருக்கும் அக்கா மகனுக்கு பஹ்ரைனில் போட் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் 1,80,000 ரூபாய் வாங்கினான். கையில் கொடுத்த பணம், ரசீது கிடையாது. "பணம் முழுசா வந்துருச்சு தம்பி, அடுத்த வாரம் விசா" என்று இரவு பத்து மணிக்கு அவன் போட்ட வாய்ஸ் மெசேஜ்தான் ஆதாரம். மறுநாள் மத்தியானம் எல்லோருக்குமாக அழித்துவிட்டான்.

செல் கடைக்காரர், "ரீசெட் பண்ணிட்டு பேக்கப்ப இறக்குனா எல்லாம் வந்துரும்" என்றார். எதுவும் வரவில்லை. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தினமும் இரவு 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு பேக்கப் எழுதிவைக்கும், கடைசி சில நாள் கோப்புகள் அப்படியே இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் நம்பரில் இருந்து எத்தனை மணிக்கு வாய்ஸ் வந்தது என்ற பதிவு அதில் கிடைத்திருக்கும். ரீசெட்டில் அதுவும் போனது. ஏரோபிளேன் மோடில் போட்டு, எதையும் தொடாமல் ஸ்டேஷனில் கொடுத்திருக்க வேண்டும்.

நல்லவேளை, வாய்ஸ் வந்த அன்றைக்கே மருமகன் அதை அக்காவுக்கு ஃபார்வேர்டு செய்திருந்தான். அனுப்பியவன் அழித்தாலும் ஃபார்வேர்டு ஆன பிரதி அழியாது. அக்காவின் கீறல் விழுந்த பழைய செல்லில் 14 வினாடிக் குரல் அப்படியே இருந்தது.

அங்கேயும் ஒரு தப்பு செய்தேன். அந்தக் குரலை என் போனில் பதிவு செய்து, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் போலீஸிடம் போனேன். "இது எதுக்குங்க? அசல் செல்லக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் பிழைப்பு போனது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில், பிரதியாகக் கொடுக்கும் மின்னணு ஆதாரத்துக்கு 63-வது பிரிவின்படி சான்று வேண்டும். ஏ பாகம் கருவியை வைத்திருப்பவர் எழுதுவது, பி பாகம் நிபுணர் எழுதுவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். அது கைரேகை மாதிரி. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும்.

மறுபடி அக்காவையும் செல்லையும் கூட்டிக்கொண்டு போனோம். செல்லைக் கைப்பற்றியதற்கான பதிவான மகஜரை எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு நீட்டினார்கள். நான் *#06# அடித்து, திரையில் வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது செல்லின் அடையாள எண்ணை, மகஜரில் எழுதியதோடு விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பதினோராவது இடத்தில் 3-க்குப் பதில் 8. அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால், இது வேறு செல் என்று நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிவிடுவார். ஏட்டையா முகம் சுளித்தார், ஆனாலும் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தார். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு ஐஎம்இஐ வரும், இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பூட்டுக் குறியீட்டையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

செல் இப்போது தடய அறிவியல் ஆய்வகத்தில் இருக்கிறது. ஃபார்வேர்டு மெசேஜில் முதலில் அனுப்பியவன் பெயர் வராது என்பதால், அவன் குரல் மாதிரியை எடுக்க மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறது.