ஆளா, வண்டியா?
மோட்டோஜிபி பைக் பந்தயத்தில், 2004இல் வாலண்டினோ ரோஸி என்ற வீரர் ஹோண்டாவை விட்டு யமஹாவுக்குப் போய், முதல் பந்தயத்திலேயே ஜெயித்து அந்த வருடப் பட்டத்தையும் தூக்கியபோது 'வண்டியெல்லாம் சும்மா, ஆள்தான் எல்லாம்' என்று பேசினோம். சரி, அதே ஆள் 2011, 2012 இரண்டு வருடம் டுகாட்டி ஓட்டி ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லையே? 2010இல்தான் கேசி ஸ்டோனர் என்ற வீரர் டுகாட்டியில் 3 பந்தயம் ஜெயித்திருந்தார். வளைவில் நுழையும்போது முன் சக்கரம் தரையைப் பிடித்திருக்கிறதா என்பது ரோஸிக்குக் கையில் தெரியவேண்டும், அந்த வண்டி அதைச் சொல்லவே இல்லை. ஸ்டோனரோ பின் சக்கரத்தை வழுக்கவிட்டே திருப்பிவிடுவார் (பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்). அப்புறம் 2024. அந்த வருடம் 2023 மாடல் டுகாட்டியை ஓட்டியவர்கள் 4 பேர், ஜெயித்தது மார்க் மார்க்கேஸ் மட்டும்தான், அதுவும் 3 முறை. இனி யாராவது வண்டிதான் எல்லாம் என்றால் மற்ற மூவரையும் கேட்டுவிட்டு வாருங்கள்.