மருந்து இல்லாத வீட்டில் நோயுற்ற பெட்டா மீன்

என் பெட்டா துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கிறான். வால் ஓரம் கிழிந்து பழுப்பாகியிருக்கிறது, துடுப்பு அழுகல்தான். கையில் மருந்து இல்லை, ஒரு சுத்தமான டப்பாவும் தண்ணீரும் உப்பும்தான் இருக்கின்றன.

சரி, முதலில் தண்ணீர், ஏனென்றால் இந்த நோய்க்குப் பெரும்பாலும் அழுக்குத் தண்ணீர்தான் காரணம். குழாய்த் தண்ணீரை 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போகாது, அது கலந்த தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் திரவம் கட்டாயம் வேண்டும். பழைய தண்ணீரின் அதே சூட்டில், 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள், தினமும் கால் பங்கு மாற்றுகிறேன்.

உப்பு அயோடின் சேர்க்காததாக இருக்கணும். 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், 10 நாளுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் நீர்மட்டத்தைக் குறைத்து வையுங்கள். பெட்டா மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன், சோர்ந்த உடம்போடு அவ்வளவு தூரம் ஏறி வருவது பாவம்.

வயிறு வீங்கிச் செதில்கள் விறைத்து நின்றால் மட்டும் காத்திருக்காதீர்கள், அது உப்புக்கு அடங்காது, மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.