வெட்சூட் வாங்கப் போறீங்களா? கீழ்முதுகைப் பாருங்க

திருப்பூர் பனியன் கம்பெனியில் கியூசி வேலை எனக்கு. அளவு அரை இன்ச் தப்பினாலே பீஸை ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கே ஒரு வெட்சூட் (கடலுக்கடியில் குளிர் தாக்காமல் இருக்கப் போடும் ரப்பர் உடை) வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

பாண்டிச்சேரியில் டைவ் அடித்தவர்களுக்குத் தெரியும். கடல் சூடாகத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டாவது டைவில் பல் தந்தியடிக்கும். காற்றைவிட 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வாடகை சூட் எனக்குத் தொளதொள. சரி, சொந்தமாக 3 மி.மீ. தடிமன் சூட் எடுக்கலாம் என்று ஆன்லைனில் பார்த்தேன்.

அளவுப் பட்டியலில் உயரமும் எடையும் மட்டும்தான். உயரத்துக்கு எல், எடைக்கு எம் வருகிறது. மார்பு, இடுப்பு அளவு கேட்டால், "எல் போடுங்க சார், செட் ஆயிடும்" என்கிறார் விற்றவர்.

வந்த சூட்டில் கீழ்முதுகில் உள்ளங்கையே நுழைந்தது. உள்ளே புகுந்த கொஞ்சம் தண்ணீர் அங்கேயே நின்றால்தான் வெதுவெதுப்பு. இப்படி இடைவெளி இருந்தால் நகரும்போதெல்லாம் புதுத் தண்ணீர் உள்ளே ஓடும். திருப்பி எடுக்கச் சொன்னால், "போட்டுப் பாத்துட்டீங்களே சார்!" போடாமல் எப்படிங்க அளவு பார்க்கிறது?

"குடுங்க தம்பி, இடுப்பைப் புடிச்சுத் தர்றனுங்க" என்றார் எங்கள் கம்பெனியில் ஃப்ளாட்லாக் (தட்டையான தையல்) போடும் டெய்லர் அண்ணன். மனசு வரவில்லை. ஃப்ளாட்லாக் ஊசி மறுபக்கம் வரை துளைக்கும். அந்த ஓட்டைகளில் தண்ணீர் கசியும். நல்ல சூட்டில் ஓரங்களைப் பசையால் ஒட்டி, ஊசி பாதி ஆழமே இறங்கும்படி தைத்திருப்பார்கள்.

கடைசியில் சென்னையில், போட்டுப் பார்க்க விடுகிற கடைக்கே போனேன். காலில் கேரிபேக் மாட்டிக்கொண்டு ஏற்றினால் சுலபமாக ஏறும். நகத்தால் இழுக்காதீர்கள், நியோப்ரீன் (சூட்டின் ரப்பர்) கிழியும். ஜிப் போட்டதும் குத்தவைத்து உட்காருங்கள், கையைத் தூக்குங்கள். தோள் கீழே இழுத்தால் உடல் நீளம் பத்தவில்லை. அக்குளிலும் கவட்டையிலும் தொங்கக் கூடாது. உலர்ந்திருக்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும், நனைந்தால் கொஞ்சம் இளகும். மூச்சு மட்டும் தாராளமாக வர வேண்டும்.

எனக்குப் பொருந்தியது எம்டி, அதாவது மீடியம் டால். உயரமான ஒல்லி ஆட்களுக்கென்றே உள்ள அளவு. கடைப் பையன் இல்லவே இல்லை என்று சாதித்தான். அடுக்கின் அடியில் லேபிளைப் பார்த்து நான்தான் உருவினேன்.

அந்த எல் சூட் பீரோவில் கிடக்கிறது. கொஞ்சம் தொப்பை உள்ளவர்கள் யாராவது கேட்டால் பாதி விலைக்குத் தருகிறேன். போட்டுப் பார்த்தே வாங்கலாம்.