டபுள் பேஸோடு ஆடிஷனுக்குப் பறந்த கதை

ஒரு வழியாக ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்துவிட்டது. இப்போதைக்குச் சோதனைக் காலம்தான், டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம், சுருக்கமாக பேஸ்) பிரிவில் கடைசி நாற்காலிதான், ஆனாலும் கிடைத்துவிட்டது. எப்படி வாசித்தேன் என்பதைப் பற்றி இங்கே கொஞ்சம்தான் எழுதப்போகிறேன். வாத்தியத்தை அந்த மேடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கப் பட்ட பாடுதான் அதிகம், அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பேஸோடு விமானம் ஏறப்போகும் யாருக்காவது உதவட்டும்.

இவ்வளவு சிரமப்பட்டு வேறு நாட்டுக்குப் போய் வாசிக்க வேண்டுமா என்று மற்ற வாத்தியக்காரர்கள் கேட்பார்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14 பேர் என்றால் பேஸுக்கு 8 பேர்தான். சின்னக் குழுக்களில் அது நாலாகவும் இரண்டாகவும் இறங்கிவிடும். அதில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டார். நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில் 1966-ல் சேர்ந்த ஓரின் ஓ'பிரையன் 2021-ல்தான் ஓய்வு பெற்றார். 55 வருடம் ஒரே குழு! அதனால் எங்கேயாவது இடம் காலி என்று அறிவிப்பு வந்தால் அது எந்த ஊர் என்று பார்க்கிற நிலையில் நாங்கள் இல்லை. அதுவரைக்கும் ஜாஸ் கிளப், ஸ்டுடியோ, யாருக்காவது உடம்பு முடியாதபோது அவர் இடத்தில் போய் வாசிப்பது, வகுப்பெடுப்பது என்று ஓட்ட வேண்டியதுதான்.

விண்ணப்பமும் வீடியோ சுற்றும் சிக்கலில்லாமல் முடிந்தன. அழைப்புக் கடிதத்தோடு வந்த பட்டியலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: டிட்டர்ஸ்டார்ஃப் கான்செர்ட்டோவின் முதல் பாகம், பீத்தோவனின் ஐந்தாம், ஒன்பதாம் சிம்பொனிகள், மோட்ஸார்ட்டின் நாற்பதாம் சிம்பொனி, ஸ்ட்ராஸின் ஹெல்டன்லேபன், வெர்டியின் ஒதெல்லோ ஓபராவின் நான்காம் அங்கத்தில் பேஸ்கள் மட்டும் தனியாக வாசிக்கும் இடம்.

தலைவலி வில்லில் ஆரம்பித்தது. என் வில் பழையது, என் ஆசிரியர் வைத்திருந்து எனக்குக் கொடுத்தது. அதன் நுனித் தகடு தந்தம். எல்லை தாண்டினால் தந்தம் தந்தம்தான், நகத்தளவு இருந்தாலும். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்தை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1989-ல் முடிவெடுத்து 1990-ல் தடை செய்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்காக 2013-ல் இசைக்கருவிச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதிகபட்சம் மூன்று வருடம் செல்லும், எத்தனை முறை வேண்டுமானாலும் எல்லை தாண்டலாம், வெளிநாட்டில் விற்கக் கூடாது. ஏட்டில் பார்த்தால் நல்ல ஏற்பாடு.

அலுவலகத்தில் நடந்தது வேறு. விண்ணப்பத்தை வாங்கிய குமாஸ்தா முதலில் வில் வாங்கிய ரசீது கேட்டார். அன்பளிப்பாக வந்தது, ஆசிரியரின் கையெழுத்திட்ட கடிதம் இதோ என்றேன். கடிதத்தில் வருடம் இருக்கிறது, தேதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். தேதியோடு மறுபடி வாங்கிக்கொண்டு போனால், 'யானை' என்று எழுதினால் போதாது, விலங்கியல் பெயர் வேண்டும் என்றார். சரி என்று அதையும் எழுதினேன். ஆப்பிரிக்க யானையா ஆசிய யானையா என்று யார் உறுதி சொன்னது, நிபுணர் சான்று எங்கே என்று அடுத்த கேள்வி. இந்த மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம் இல்லையா? ஒவ்வொன்றாக, நான் அவ்வளவு தூரம் போன பிறகுதான் சொன்னார். கடைசியில் இன்னொன்றையும் போகிற போக்கில் சொன்னார்: சான்றிதழ் கையில் இருந்தாலும் கிளம்பும்போதும் இறங்கும்போதும் முத்திரை குத்த வேண்டும், அதை எல்லா விமான நிலையத்திலும் செய்ய மாட்டார்கள், அதற்கென்று குறித்த இடங்கள் உண்டு. என் டிக்கெட் அப்படிப்பட்ட இடம் வழியாகப் போகவில்லை.

ஆடிஷன் நெருங்கிவிட்டது. வில் செய்பவரிடம் போய்த் தந்தத் தகட்டை எடுத்துவிட்டு மாட்டெலும்புத் தகடு பொருத்தச் சொன்னேன். மனசு கேட்கவில்லைதான், ஆனால் வில்லைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? எலும்பும் பார்க்கத் தந்தம் மாதிரியே இருக்கும் என்பதால் அவரிடமே தன் முகவரித்தாளில் ஒரு கடிதம் எழுதி வாங்கினேன்: என்ன எடுக்கப்பட்டது, என்ன வைக்கப்பட்டது, எந்தத் தேதியில், முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு. இறங்கிய ஊரில் சுங்க அதிகாரி வில்லைக் கையில் வாங்கியதும் விரல் நேராக அந்த வெள்ளைத் தகட்டுக்குத்தான் போனது. கடிதத்தை நீட்டினேன். படித்தார், படத்தைப் பார்த்தார், போகலாம் என்று தலையசைத்தார். பயணம் முழுக்க நினைத்தபடி நடந்தது அது ஒன்றுதான். வில் மரமான பெர்னம்புகோவும் 2007 முதல் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது, அதற்கான விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடிக்கடி பறப்பவர்கள் நல்ல கார்பன் ஃபைபர் வில் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. எது எப்படியானாலும் வில் கையோடுதான் வர வேண்டும், ட்ரங்குக்குள் (பேஸை வைத்து அனுப்பும் பெரிய கெட்டிப் பெட்டி) போடாதீர்கள்.

இனி விமானக் கவுண்டர். பேஸ் பத்து, பதினொரு கிலோதான் இருக்கும். ட்ரங்கில் வைத்தால் சாதாரணமாகவே 32 கிலோ தாண்டிவிடும், பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு அது. அமெரிக்காவில் 2015 முதல் விதியே இருக்கிறது: நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 150 அங்குலத்துக்குள்ளும் எடை 165 பவுண்டுக்குள்ளும் இருந்தால், விமானத்தில் இடமும் வசதியும் இருக்கும் பட்சத்தில் இசைக்கருவியை லக்கேஜாக ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்ற பல இடங்களில் அந்தந்த நிறுவனம் வைத்ததுதான் சட்டம். நான் டிக்கெட் எடுக்கும் முன்பே அளவும் எடையும் எழுதி மின்னஞ்சலில் கேட்டு, ஏற்றிக்கொள்கிறோம் என்ற பதிலை அச்செடுத்து வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சிஸ்டத்தில் இல்லை, அதனால் கிடையாது, கார்கோவில் அனுப்புங்கள். கார்கோ அலுவலகம் வேறு கட்டிடம், அன்றைக்கு மூடியிருந்தது. அதைச் சொன்னதற்கு, அது எங்கள் வேலை இல்லை என்றார்.

நான் நகரவில்லை. வரிசையை மறிக்காமல் ட்ரங்கோடு ஓரமாக நின்றுகொண்டு, மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் வந்து மின்னஞ்சலைப் படித்துவிட்டுத் தங்கள் கையேட்டையே திறந்து பார்த்தார். பிரச்சினை அப்போதுதான் புரிந்தது. விமானத்தைச் சின்னதாக மாற்றியிருக்கிறார்கள், அதன் சரக்குக் கதவில் ட்ரங்க் நுழையாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் வேறு வழி பார்த்திருக்கலாம். மறுநாள் பெரிய விமானத்தில் கூடுதல் கட்டணமில்லாமல் மாற்றிக் கொடுத்தார், அந்த மனிதருக்கு நன்றி. ஆடிஷனுக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுத்திருந்ததால் பிழைத்தேன். முதல் நாள் மாலை போய் இறங்கலாம் என்று தயவுசெய்து யாரும் திட்டமிடாதீர்கள். மின்னஞ்சல் பதில் மட்டும் போதாது. உங்கள் புக்கிங்கிலேயே அளவும் எடையும் குறிப்பாக ஏறியிருக்கிறதா என்று தொலைபேசியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விமானத்தின் வகையையும் கேளுங்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடியும் கேளுங்கள்.

போய் இறங்கி ட்ரங்கைச் சாய்த்தபோது உள்ளே ஏதோ உருண்டது. பேஸ்காரர்களுக்கு அந்தச் சத்தம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சியை யாரும் ஒட்டி வைப்பதில்லை, கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. திறந்து பார்த்தால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சரிந்து கிடந்தது. கழுத்தைப் பிடித்திருக்க வேண்டிய பட்டை அவிழ்ந்து தொங்கியது, அடியில் வைத்த மெத்தை தலைகீழாக இருந்தது, சோதனைக்காகத் திறந்தோம் என்ற அச்சடித்த சீட்டு ஒன்று மேலே கிடந்தது. திறந்தவர் திறந்தபடி மூடவில்லை, அவ்வளவுதான் விஷயம். மூடியின் உட்புறம் எப்படி மூட வேண்டும் என்று படம் போட்டு ஒட்டியிருந்தேன். அதன் மேலேயே அந்தச் சீட்டை வைத்திருந்தார்கள்.

அங்கேயே நின்று படமெடுத்தேன், விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே சேத அறிக்கை எழுதி நகல் வாங்கினேன். இதை மட்டும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் செய்துவிடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி லக்கேஜ் சேதத்துக்கு, கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், அதற்கப்புறம் யாரும் பேச மாட்டார்கள். புகார் கொடுத்தாலும் உச்சவரம்பு 2024 இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மட்டும்தான், நல்ல பேஸுக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. தனியாக வாத்தியக் காப்பீடு எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் விமான லக்கேஜ் விலக்கப்படவில்லையா என்று பொடி எழுத்தைப் படியுங்கள்.

ஆர்கெஸ்ட்ரா அலுவலகத்தில் இருந்தவர், வாத்தியம் உங்கள் பொறுப்பு என்று முடித்துக்கொண்டார். அந்தக் குழுவிலேயே வாசிக்கும் ஒரு பேஸ்காரர்தான் பழுது பார்ப்பவரின் எண்ணைக் கொடுத்து, என் முன்னாலேயே அவருக்குப் போன் செய்தும் சொன்னார். போட்டிக்கு வந்த ஒரு அந்நியருக்கு! எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான். பழுது பார்ப்பவர் மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக வளைந்த கம்பியை விட்டுப் போஸ்ட்டை நிமிர்த்தினார். எந்த இடத்தில் நின்றது என்று கிளம்பும் முன் துளை வழியாக எடுத்த படமும், பிரிட்ஜ் பாதத்தைச் சுற்றி ஒட்டிய டேப்பும் அவருக்குக் கைகொடுத்தன. விரிசல் இல்லை. ஆனாலும் வாத்தியம் அன்றைக்கு வேறு குரலில்தான் பேசியது, குறிப்பாக மிகத் தாழ்ந்த ஈ கம்பி மங்கலாக, கொஞ்சம் இரைச்சலோடு. போஸ்ட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே தெரியும். ஒதெல்லோ பகுதி தொடங்குவதே அந்தத் திறந்த ஈ கம்பியில், அதுவும் ஒலியைக் குறைக்கும் மியூட் போட்டு, மிக மென்மையாக. இரவு வெகுநேரம் அந்த முதல் சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வில்லை எங்கே வைத்தால் இரையாது என்று தேடினேன். வழக்கத்தைவிட விரல்பலகைப் பக்கம் கொஞ்சம் தள்ளி, எடை குறைத்து, வில்லை நீளமாக இழுத்தால் இரைச்சல் அடங்கியது.

ஆடிஷன் அன்று இன்னொரு சிக்கல். டிட்டர்ஸ்டார்ஃபை சாதாரண ட்யூனிங்கில் வாசிக்கலாம் என்று கடிதத்திலேயே இருந்தது, அதே பேஸில் ஆர்கெஸ்ட்ரா பகுதிகளையும் வாசிக்க வேண்டுமே. அப்படி வாசித்தால் பியானோ டி மேஜரில் இருக்க வேண்டும். தனியாக வாசிப்பதற்கான சோலோ ட்யூனிங்கில் எல்லாக் கம்பியும் ஒரு முழு டோன் ஏறிவிடுவதால் அதற்கு ஈ மேஜர். பேஸ்காரரின் தாள் இரண்டுக்கும் ஒன்றேதான், பியானோ தாள்தான் வேறு. பியானோ கலைஞரிடம் இருந்தது ஈ மேஜர் பிரதி மட்டும். எனக்கு முன்னால் போனவர் இதனால் கான்செர்ட்டோவைப் பியானோ இல்லாமலேயே வாசிக்க நேர்ந்தது, அவருக்கு நடந்தது அநியாயம். என் பையில் இரண்டு பிரதியும் இருந்தன. நான் கொடுத்த டி மேஜர் பிரதி அப்புறம் அன்று முழுக்க பியானோவிலேயே இருந்தது.

முதல் சுற்று திரைக்குப் பின்னால், வாசிப்பது யார் என்று நடுவர்களுக்குத் தெரியாதபடி. ஒதெல்லோவின் முதல் ஈ சுத்தமாக வந்தது. அதற்கப்புறம் பயம் போய்விட்டது. ஒன்பதாம் சிம்பொனியில் பேச்சு மாதிரி ஒலிக்கும் ரெசிடடிவ் பகுதியை இரண்டு விதமாகக் கேட்டார்கள், ஒருமுறை இன்னும் சுதந்திரமாக, ஒருமுறை கண்டிப்பான தாளத்தில். கடைசிச் சுற்றில் திரை இல்லை, பேஸ் பிரிவோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னார்கள், பக்கத்து நாற்காலியில் எனக்கு எண் கொடுத்த அதே மனிதர். மாலையில் பெயரைப் படித்தார்கள்.

சோதனைக் காலம் முடிந்து பிரிவினர் ஓட்டுப் போட்டால்தான் நிரந்தரம். இழப்பீட்டு மனு போட்டிருக்கிறேன், மனு வந்து சேர்ந்தது என்ற ஒரு வரிப் பதிலுக்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை. பேஸை அங்கேயே பழுது பார்ப்பவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன், அவரும் போஸ்ட்டை நிதானமாகச் சரிசெய்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.