சபா காட்டுக்குப் போவதற்குள் காசநோய்ச் சான்றுக்கு நான் பட்ட பாடு

மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் சண்டாக்கானுக்கு டிக்கெட் போட்டாகியிருந்தது, நான்கு வார லீவும் கிடைத்திருந்தது. காட்டோரத்தில் ஓராங் ஊத்தான் என்ற மனிதக் குரங்குகளைப் பராமரிக்கும் மீட்பு மையம் ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போவதாக இருந்தேன். விண்ணப்பம், நேர்காணல், பணம் எல்லாம் சுலபமாக முடிந்தன. என்னைப் படுத்தியெடுத்தது காசநோய் இல்லை என்ற ஒரே ஒரு சான்று.

நமக்கு வரும் காசநோயும் சளியும் ஓராங் ஊத்தானையும் தொற்றும். காட்டுக்குத் திரும்பப் போகிற குட்டிக்கு நாம் ஒட்டவைத்துவிட்டால், அங்கே இருப்பவற்றுக்கும் அது பரவலாம். அதனால் மையத்தின் விதியில் எனக்குக் குறையே இல்லை. கோபமெல்லாம் கிள்ளானில் நான் போன கிளினிக்கின் மேல்தான்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை முன்கையில் மான்டூ ஊசி, அதாவது காசநோய்க்கான தோல் சோதனை ஊசி, போட்டார்கள். 48 மணி நேரத்துக்கு மேல், 72 மணி நேரத்துக்குள் வந்து காட்டச் சொன்னார்கள். ஞாயிறு கிளினிக் கிடையாது, திங்கள் பொது விடுமுறை. ஊசி போட்டவர் அதைச் சொல்லவில்லை, நானும் காலண்டரைப் பார்க்கவில்லை. செவ்வாய் போனால், "நேரம் தாண்டிருச்சு, மறுபடியும் போடணும்" என்றார்கள்.

சரி என்று மற்றக் கையை நீட்டினேன். வியாழன் போனபோது தாதி, சிவந்திருந்த இடம் முழுவதையும் அளந்து, 18 மில்லிமீட்டர், பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார். வயிற்றைக் கலக்கிவிட்டது. வீட்டில் அம்மா அன்று சாப்பிடவே இல்லை. இரவு உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, சிவப்பை அளக்கவே கூடாதாம். விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பு மட்டும்தான் கணக்கு. அதோடு, பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியாலும் இந்தச் சோதனை பாசிட்டிவ் காட்டலாம். இங்கே பிறந்த நம்மில் பெரும்பாலோர் தோளில் அந்தத் தழும்பு இருக்கிறது!

மையத்துக்கு எழுதினேன். மறுநாளே பதில்: காசநோய்த் தொற்றைக் கண்டறியும் இக்ரா ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் அனுப்பினால் போதும். பிசிஜி போட்டிருந்தாலும் இக்ரா முடிவு மாறாது. வேறொரு மருத்துவரிடம் போய் இரண்டையும் எடுத்தேன். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது நெகட்டிவ் என்று தாள் வந்தது. அதைப் படித்துவிட்டுக் காரிலேயே அழுதுவிட்டேன்.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். நேரே இக்ரா எடுக்கலாமா என்று மையத்திடமே கேளுங்கள். மான்டூதான் வேண்டும் என்றால் திங்கள் அல்லது செவ்வாய் போடுங்கள், அந்த வாரம் விடுமுறை இருக்கிறதா என்றும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவிலிருந்து போகிறவர்கள் மைகார்டை, அதாவது நம் அடையாள அட்டையை, மறக்க வேண்டாம். உள்நாட்டு விமானம் என்றாலும் சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு. ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் கடிக்காமல் இருக்க முழங்கால் வரை வரும் காலுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒரு ஜோடி காயவே காயாது.

இன்னொன்று. குட்டியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்கிற இடத்துக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். நான்கு வாரத்தில் நான் ஒரு குட்டியைக்கூடத் தொடவில்லை. கூண்டு கழுவினேன், பழம் நறுக்கினேன், மூங்கில் குழாய்க்குள் தேன் தடவி வைத்தேன், எல்லாம் முகக்கவசத்தோடு. மூன்றாவது வாரம் லேசாகத் தும்மினேன் என்று இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே விடவில்லை. அதுதான் சரி.

கடைசி வாரம் ஒரு மாலை, தாயில்லாத குட்டி ஒன்று மரத்தில் கிளைகளை மடக்கிக் கூடு கட்டப் பார்த்தது. தாய் இருந்தால் வருடக்கணக்காகப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக் கற்றிருக்கும். மூன்று தடவை சரிந்தது. நான்காவது தடவை ஏறிப் படுத்து, ஒரு கொப்பை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டது. என் பக்கத்தில் நின்ற பராமரிப்பாளர் அபாங் ஒன்றும் பேசாமல் குறிப்பேட்டைத் திறந்து நேரத்தை எழுதினார்: 5.40.