மவுஸைத் தொடாமல் சொல்லிக்கொடுப்பது: கணினிப் பயிற்றுநர் தேர்வு எழுதிய அனுபவம்

அலுவலகத்தில் புது மென்பொருள் வந்தால், அதை நன்றாகக் கையாள்கிறவரைக் கூப்பிட்டு, "நீங்களே எல்லாருக்கும் ஒரு வகுப்பு எடுத்துடுங்க" என்பார்கள். நான் பயிற்சித் துறைக்குள் வந்ததும் அப்படித்தான். வந்தபின், இதை முறையாகக் கற்று, தேர்வு எழுதி, தகுதி பெற்ற பயிற்றுநராக வேண்டும் என்ற ஆசை வந்தது. அந்த வழியில் பார்த்ததையும் கற்றதையும் இதே எண்ணம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தத் துறையில் இரண்டு தகுதிகள் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன என்பது. ஒன்று, பாடத்தில் தேர்ச்சி: எக்செல், நெட்வொர்க், கிளவுட், எதைச் சொல்லித்தரப் போகிறீர்களோ அதில் ஒரு சான்றிதழ். மற்றது, சொல்லித்தரத் தெரியும் என்பதற்கான சான்று. மைக்ரோசாஃப்ட் தன் பயிற்றுநர் பட்டத்துக்கு இரண்டையுமே கேட்கிறது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பாடத் தேர்ச்சி என்னிடம் ஏற்கெனவே இருந்ததால் இரண்டாவதுதான் எனக்கு வேலையாக இருந்தது. அதற்கு நான் எழுதியது, தொழில்நுட்பப் பயிற்றுநர்களுக்காகக் காம்ப்டியா நிறுவனம் நடத்திய சி.டி.டி. பிளஸ் தேர்வு. இப்போது அது நடப்பில் இல்லை. அது எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சாராததாக இருந்தது. இத்தகைய தேர்வுகள் வரும், மாறும், நிற்கும். எதற்குத் தயாராவதாக இருந்தாலும், அது இன்னும் நடப்பில் உள்ளதா, நீங்கள் வேலை செய்ய நினைக்கும் இடம் அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நான் எழுதிய தேர்வில் இரண்டு பகுதிகள் இருந்தன. முதலாவது கணினியில் எழுதுவது: 90 நிமிடம், 95 கேள்விகள். இரண்டாவதில், நாம் பாடம் நடத்துவதை வீடியோவாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. அது 17 முதல் 22 நிமிடம் வரை இருக்கலாம் என்றார்கள். நேரடி வகுப்புக்கு ஒரு வகை, இணைய வகுப்புக்கு வேறொரு வகை என்று அதிலும் தேர்ந்தெடுக்க முடிந்தது.

எழுத்துத் தேர்வின் பாடத்திட்டத்தைத் திறந்ததுமே எனக்குப் பெரிய வியப்பு. கணினியைப் பற்றி அதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. வகுப்புக்கு முன் திட்டமிடுதல், கற்பிக்கும் முறையும் சாதனங்களும், பயிற்றுநரின் நம்பகத்தன்மையும் பேச்சும், குழுவை நடத்திச் செல்லுதல், முடிவில் மதிப்பிடுதல் என்று ஐந்து பிரிவுகள். இவற்றில் குழுவை நடத்திச் செல்லும் பிரிவுக்கு மட்டும் கிட்டத்தட்டப் பாதி மதிப்பெண். அதாவது, பயிற்றுநரின் வேலை திரையோடு அல்ல, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரோடு என்று தேர்வே சொல்லிவிட்டது. எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது.

படித்ததில் என்னை மாற்றியவை இரண்டு. முதலாவது, குறிக்கோள் எழுதுவது. "பயிற்சி முடிவில் எக்செல் ஃபார்முலாக்களைப் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதினால் அது குறிக்கோள் ஆகாது. புரிந்ததா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பயிற்சிக் குறிக்கோள்களைப் பற்றி எழுதிய ராபர்ட் மேகர் 1962லேயே இதற்கு வழி சொன்னார்: கற்றவர் என்ன செய்வார், எந்தச் சூழலில் செய்வார், எந்த அளவுக்குச் சரியாகச் செய்வார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "இருபது பொருள்களின் விலைப்பட்டியலைக் கொடுத்தால், வரி விகிதம் உள்ள ஒரே செல்லை (கட்டத்தை) பயன்படுத்தி எல்லா வரிசைக்கும் வரியைப் பிழையின்றிக் கணக்கிடுவார்" என்று எழுதிப் பாருங்கள். எழுதி முடிக்கும்போதே பாடத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது விளங்கிவிடும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும், இந்த வாக்கியத்துக்கு உதவாத வசதியை அன்று காட்டக் கூடாது. கற்றல் குறிக்கோள்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புளூமின் 1956ஆம் ஆண்டு வகைப்பாட்டையும் 2001இல் வந்த அதன் திருத்தத்தையும் தேர்வுக்காகப் படித்தேன், அவையும் பயன்பட்டன. ஆனால் தினமும் கைகொடுப்பது மேகர் சொன்ன இந்த மூன்றுதான்.

இரண்டாவது, கேள்வி கேட்டபின் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன; வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதாகத் தெரியும். வகுப்பு முன்னால் நின்று வாயைத் திறக்காமல் மூன்று நொடி இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். கணினி வகுப்பில் இது இன்னும் முக்கியம். கேள்வியைக் காதில் வாங்கி, திரையில் உரிய இடத்தைத் தேடி, பிறகுதான் கற்பவர் யோசிக்கவே தொடங்குவார்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சூழ்நிலைக் கேள்விகள்தான் பெரும்பாலும்: ஒருவர் வகுப்பையே தன் பக்கம் இழுக்கிறார், இன்னொருவர் பின்தங்குகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டு விடைகள் சரி போலவே இருக்கும். கற்பவரின் மரியாதைக்குப் பங்கம் வராத விடை எது என்று பார்த்தால் பெரும்பாலும் அதுதான் சரியான விடை.

வீடியோதான் இந்தப் பயணத்தின் உயிர். பல வாரப் படிப்பு இருபது நிமிடத்தில் வெளிப்பட வேண்டும். அதற்கு, எக்செல்லில் ஃபார்முலாவைக் கீழே இழுத்தாலும் மாறாதபடி செல் முகவரியை நிலைநிறுத்தும் பாடத்தை எடுத்துக்கொண்டேன். டாலர் குறி போடுவது என்று எல்லோரும் சொல்வார்களே, அதுதான். சின்னப் பாடம், ஆனால் இதில் சிக்காதவர் குறைவு.

பாடத்தை இப்படி அமைத்தேன். பி நெடுவரிசையில் விலைகள், இ1 செல்லில் வரி விகிதம். சி2 செல்லில் பி2ஐ இ1ஆல் பெருக்கச் சொன்னேன். விடை சரியாக வந்தது. அதைக் கீழே இழுக்கச் சொன்னேன். அடுத்த வரிசைகளில் எல்லாம் பூஜ்யம். உடனே நான் எதையும் விளக்கவில்லை. "சி3 செல்லைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா எப்படி மாறியிருக்கிறது என்று படிங்க" என்றேன். ஒருவர் படித்தார்: பி3, இ2. "இ2வில் என்ன இருக்கு?" காத்திருந்தேன். "ஒண்ணுமில்லை... அதான் பூஜ்யமா!" என்று ஒரு குரல் வந்தது. அதன்பிறகு டாலர் குறியை அறிமுகம் செய்தேன். அதற்கான தேவை அவர்கள் மனதில் ஏற்கெனவே பிறந்துவிட்டதால் விளக்கம் இரண்டே வாக்கியத்தில் முடிந்தது. முதலில் கையால் தட்டவைத்தேன். பிறகே, அந்தக் குறியைத் தானே போடும் எஃப்4 விசையைச் சொன்னேன். குறுக்குவழியை முதலிலேயே கொடுத்தால் அது எதைச் செய்கிறது என்பது மறைந்துபோகும்.

வகுப்பு முழுவதும் நான் கடைப்பிடித்த ஒரு விதி, கற்பவரின் மவுஸையோ கீபோர்டையோ தொடக் கூடாது என்பது. ஒருவர் திணறும்போது குனிந்து "இங்க குடுங்க" என்று இரண்டு சொடுக்கில் சரிசெய்துவிடத்தான் கை துடிக்கும். அப்படிச் செய்தால் வகுப்பு வேகமாக நகரும், அவருக்கோ ஒன்றும் மிஞ்சாது. சைக்கிள் கற்றுக்கொள்பவரை இறக்கிவிட்டு நாமே ஓட்டிக் காட்டியதுபோல் ஆகிவிடும். அதற்குப் பதிலாக அவர் பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இப்போ உங்க கர்சர் எந்த செல்லில் இருக்கு?" என்று கேட்பேன். பத்தில் எட்டுத் தடவை, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே அவருக்குப் பிழை தெரிந்துவிடும்.

பதிவுக்கு முன் ஒத்திகைப் பதிவுகளும் எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை. பார்வை யார் பக்கம் போகிறது, திரையைப் பார்த்துப் பேசுகிறோமா, கர்சர் எவ்வளவு வேகமாகப் பறக்கிறது என்பதெல்லாம் சத்தமில்லாதபோதுதான் கண்ணில் படும். சொடுக்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்பதையும் அப்படித்தான் பழகினேன். "இப்போது மேலே இடப்பக்கம் உள்ள ஹோம் பட்டனுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு நகர வேண்டும்.

அறையைத் தயார் செய்வதற்கும் தேர்வில் மதிப்பு இருந்தது. எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா, பயிற்சி ஃபைல் எல்லாவற்றிலும் திறக்கிறதா, கடைசி இருக்கையிலிருந்து திரை எழுத்து தெரிகிறதா என்று முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று, கணினியின் வட்டார அமைப்பு, அதாவது நாட்டுக்கேற்ப எண், தேதி எழுதும் முறை. சில அமைப்புகளில் எக்செல் ஃபார்முலாவுக்குள் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட்டால்தான் ஏற்கும். ஒரே ஃபார்முலாவைத் தட்டியும் ஒருவருக்கு மட்டும் பிழை வந்தால், அவர் தன் மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஏனென்றால், கணினி வகுப்புக்கு வருகிற பெரியவர்களில் பலர் பயத்தோடுதான் வருகிறார்கள். எதையாவது அழுத்தி எல்லாம் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆகவே புதியவர்களுக்கான எந்த வகுப்பிலும் நான் முதலில் சொல்லித்தருவது கண்ட்ரோல் இசட். ஏதாவது எழுதச் சொல்லி, முழுவதையும் அழிக்கச் சொல்லி, அப்புறம் அதைத் திரும்ப வரவழைக்கச் சொல்வேன். அப்போது அவர்கள் தோள் தளர்வதைப் பார்க்கலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

சரி, பதில் தெரியாத கேள்வி வந்தால்? சமாளித்துப் பேசுவதைவிட, பலகையின் ஓரத்தில் அதை எழுதி வைத்து, எப்போது பதில் சொல்வேன் என்பதையும் சொல்லி, சொன்னபடி பதில் தருவதுதான் மதிப்பைக் காக்கும்.

இணைய வகுப்புத் தகுதியையும் பிறகு எடுத்தேன். அங்கே முகங்கள் தெரியாது. "புரிந்ததா?" என்று கேட்டால் மௌனம்தான் பதில். "உங்க சி5 செல்லில் என்ன எண் வந்திருக்கு? சாட்டில் போடுங்க" என்று கேட்டால் அரை நிமிடத்தில் வகுப்பின் நிலவரம் கண்முன் வந்துவிடும். ஒரே கேள்வியில் எத்தனை பேர் பின்தங்கியிருக்கிறார்கள், எந்த இடத்தில் என்பது வரை தெரியும். இந்தப் பழக்கத்தை இப்போது நேரடி வகுப்பிலும் பயன்படுத்துகிறேன்.

வீடியோவோடு ஒரு படிவமும் போக வேண்டியிருந்தது: கற்பவர்கள் யார், அவர்களுக்கு முன்பே என்ன தெரியும், குறிக்கோள் என்ன. மதிப்பிடுபவர் வீடியோவை இந்தப் படிவத்தோடு வைத்துத்தான் பார்ப்பார் என்பதால் கவனமாக எழுதினேன். படிவத்தில் எழுதியதும் வகுப்பில் நடந்ததும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியிருந்தது.

தேர்ச்சிக்குப் பிறகும் எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. வகுப்பு முடிவில் நிரப்பித் தரும் கருத்துத் தாளில் எல்லோரும் "மிக நன்று" என்றே எழுதுவார்கள். பயிற்சியின் பலனை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு நிலைகளில் இது முதல் நிலை மட்டுமே: பிடித்திருந்ததா என்பது. கற்றார்களா, வேலையில் பயன்படுத்துகிறார்களா, அதனால் பலன் உண்டா என்பவை மீதி மூன்று. ஆகவே வகுப்பு முடிந்து சில வாரம் கழித்து, கலந்துகொண்டவர்களுக்கு ஒரு சிறு வேலையை அனுப்பத் தொடங்கினேன். உதவி இல்லாமல் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அதை வைத்து அடுத்த வகுப்பின் பாடக் குறிப்பைத் திருத்துகிறேன்.

இந்த வழியில் வர நினைக்கிறவர்கள், கட்டணம் கட்டுவதற்கு முன்பே ஒரு பதினைந்து நிமிடப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு குறிக்கோளை மேகர் முறையில் எழுதி, நான்கைந்து பேருக்கு நடத்தி, பதிவு செய்யுங்கள். முடிந்ததும் அவர்கள் தாங்களாகவே அதைச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.